மகனின் நம்பர் அம்மாவின் படிவத்தில்: ஒரு கனடா விண்ணப்பத்தின் நிகழ்வு ஆய்வு

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் பின்னேரங்களில் சிலர் கூடி, வெளிநாட்டுப் படிவங்களை ஆட்களுக்கு வாசித்து விளங்கப்படுத்தி வருகிறோம். காசு வாங்குவதில்லை. கனடாவின் குடிவரவுச் சட்டப்படி, பணம் பெற்றுக்கொண்டு ஆலோசனை சொல்லும் உரிமை சட்டத்தரணிகள், உரிமம் பெற்ற ஆலோசகர்கள் போன்றவர்களுக்கு மட்டும்தான். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் படிவத்தை வேறொரு இடத்தில் நிரப்பிவிட்டு, "ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ" என்று கொண்டுவருகிறவர்கள்.

2024இல் அப்படி வந்த ஒரு விண்ணப்பக் கோவையைப் பற்றித்தான் எழுதுகிறேன். குடும்பத்தின் சம்மதம் இருக்கிறது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன், நம்பர்களையும் போடவில்லை. இதே சிக்கல் வேறு வேறு உருவத்தில் எங்கள் மேசைக்கு அடிக்கடி வருவதால் இதை முழுவதுமாக எழுதிவைப்பது பிரயோசனம் என்று நினைக்கிறேன்.

ஆளும் கோவையும்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலைச் சேர்ந்த ஒரு அக்கா. அறுபது வயதைத் தாண்டியவர், கணவர் இல்லை. ஒரே மகன் கனடாவில் ஸ்காபரோவில் குடும்பமாக இருக்கிறார், பி.ஆர், அதாவது நிரந்தர வதிவிட உரிமை, உள்ளவர். பேரப்பிள்ளை பிறந்ததும் அம்மாவைக் கொஞ்சக் காலம் கூப்பிட்டு வைத்திருக்க விரும்பி, பெற்றோர் நீண்ட காலம் போய் நிற்பதற்கான சூப்பர் விசாவுக்குப் போட முடிவெடுத்திருந்தார்கள். 2011 டிசம்பரில் தொடங்கிய இந்த விசாவில் 2022 ஜூலையில் ஒரு மாற்றம் வந்தது. அதற்கு முன் ஒரு தடவை போனால் 2 வருடம்வரை நிற்கலாம், இப்போது 5 வருடம்வரை. குறைந்தது ஒரு லட்சம் கனடா டொலருக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும், கூப்பிடும் பிள்ளையின் வருமானம் போதுமானதாக இருக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனையும் உண்டு. அந்தப் பக்கத்தையெல்லாம் மகன் ஒழுங்காகச் செய்து வைத்திருந்தார். அதில் எங்களுக்கு வேலை இருக்கவில்லை.

வேலை இருந்தது ஐ.எம்.எம் 5257 என்ற விசாப் படிவத்தில். அதை இங்கே ஒரு கொம்யூனிகேசன் கடையில் நிரப்பியிருந்தார்கள். அதன் முதற் கட்டமே யூசிஐ என்ற நம்பரைத்தான் கேட்கிறது. கனடாக் குடிவரவுத் திணைக்களம் ஒரு ஆளுக்குக் கொடுக்கும் நிரந்தர அடையாள நம்பர் அது. அக்காவின் படிவத்தில் அந்தக் கட்டத்தில் 10 இலக்க நம்பர் ஒன்று இருந்தது.

படிவத்துக்கு அடுத்த தாள் மகனின் அழைப்புக் கடிதம். மேலே மகனின் பெயர், முகவரி, தொலைபேசி, அதன் கீழ் அவருடைய யூசிஐ. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தபோது ஒரு இலக்கமும் மாறாமல் அதே நம்பர்.

"அக்கா, இது உங்கட நம்பர் இல்லை, மகன்ர நம்பர்."

"அப்ப என்ர நம்பர் எங்கை தம்பி?"

எந்தத் தாளில் எந்த நம்பர்

அவரிடம் ஒரு பொலித்தீன் உறை நிறையத் தாள்கள் இருந்தன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஏதோவொரு நம்பர் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து, யாருடைய பெயர் மேலே இருக்கிறது, நம்பர் என்ன வடிவத்தில் இருக்கிறது என்ற இரண்டை மட்டும் பார்த்தோம். நான் எப்போதும் இப்படித்தான் தொடங்குவேன். நம்பரின் வடிவம் தெரிந்தால் பாதித் தேடல் முடிந்துவிடும்.

யூசிஐ முழுக்க இலக்கங்கள்தான், எழுத்து எதுவும் இராது. 8 இலக்கமாக இருந்தால் நாலு நாலாகப் பிரித்து நடுவில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். 10 இலக்கமாக இருந்தால் இரண்டு, நாலு, நாலு என்று பிரிந்திருக்கும். ஆங்கிலத்தில் "கிளையன்ற் ஐடி" என்று எழுதியிருந்தாலும் அதே நம்பர்தான். பி.ஆர் அட்டையில் "ஐடி நம்பர்" என்று இருப்பதும் இதுதான்.

விண்ணப்ப நம்பர் வேறு. அது ஒரு ஆங்கில எழுத்தில் தொடங்கி 9 இலக்கத்தோடு முடியும். விசிற்றர் விசாவுக்கு வெளிநாட்டிலிருந்து போட்டவர்களுக்கு வி என்ற எழுத்து, படிப்புக்குப் போட்டவர்களுக்கு எஸ், வேலைக்குப் போட்டவர்களுக்கு டபிள்யூ. ஒவ்வொரு தடவை விண்ணப்பிக்கும்போதும் இது புதிதாக வரும். யூசிஐ அப்படி மாறாது. ஒரு தடவை கொடுத்த நம்பர் விசிற்றராகப் போனாலும், பிறகு குடும்பத்தவர் பொறுப்பேற்று நிரந்தரமாகக் கூப்பிடும் ஸ்பொன்சரில் போனாலும், சிட்டிசன் எடுக்கும்போதும் கூடவே வரும்.

குடும்பமாகப் போகிறவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். ஒரு ஸ்பொன்சர் விண்ணப்பத்தில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று நாலு பேர் இருந்தால் விண்ணப்ப நம்பர் ஒன்றாக இருக்கும், யூசிஐ நாலாக இருக்கும். அப்பாவின் கடிதத்தில் இருக்கும் யூசிஐயைப் பார்த்து மற்ற மூன்று பேருக்கும் அதையே எழுதிய படிவங்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதியவர்கள் கவனமில்லாத ஆட்களும் இல்லை. வீட்டுக்கு ஒரு நம்பர் என்று நினைப்பது எங்கள் ஊரில் இயல்பு. குடும்ப அட்டையும் மின்சாரப் பட்டியலும் அப்படித்தானே இருக்கின்றன.

அக்காவின் உறையில் இருந்தவற்றைச் சொல்கிறேன். பழைய கடவுச்சீட்டும் புதியதும். இரண்டிலும் ஆங்கில என் (N) எழுத்தில் தொடங்கும் நம்பர், அது இலங்கைக் கடவுச்சீட்டு நம்பர், யூசிஐக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விசா விண்ணப்ப நிலையத்தில் கொடுத்த பற்றுச்சீட்டு. அதில் நீளமான ஒரு நம்பர், அது அந்த நிலையத்தின் சொந்தக் கணக்கு. மகனின் பி.ஆர் அட்டையின் பிரதி, அதில் இருப்பது மகனின் யூசிஐ. மருத்துவப் பரிசோதனைத் தாள், அதற்கும் தனியாக ஒரு நம்பர். படிவத்தின் அடியில் அச்சடித்திருக்கும் 5257 என்பது படிவத்தின் பெயர், எல்லோருக்கும் ஒன்றுதான். சிலர் அதையும் தங்கள் நம்பர் என்று காட்டுவதுண்டு.

கடைசியாக, நாலாக மடித்த ஒரு தாள். 2019இல் கைரேகை கொடுக்கச் சொல்லி வந்த பயோமெற்றிக் கடிதம்.

2019

அக்கா ஏற்கெனவே ஒரு தடவை விசிற்றர் விசாவுக்குப் போட்டவர் என்பது அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. மகனின் கலியாண வீட்டுக்காக 2019இல் போட்டிருக்கிறார். கொழும்புக்குப் போய்க் கைரேகையும் படமும் கொடுத்திருக்கிறார். விசா மறுக்கப்பட்டுவிட்டது.

யூசிஐ உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்பதற்கு நான் பார்க்கும் வழி இதுதான். கனடாவோடு எந்தத் தொடர்பும் வைத்திராதவருக்கு நம்பர் இல்லை. அவர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும், விடலாம். ஒரு தடவை விண்ணப்பம் போட்டவருக்கு, அது மறுக்கப்பட்டிருந்தாலும், நம்பர் உண்டு. மறுப்புக் கடிதத்தின் தலைப்பிலேயே அது இருக்கும். விசா கிடைக்காதவருக்கு நம்பர் ஏது என்று கேட்பார்கள். நம்பர் கொடுப்பது விசாவுக்கு அல்ல, கோவை திறந்த ஆளுக்கு.

படிவத்தின் அடுத்த பக்கங்களைப் புரட்டியபோதுதான் விஷயத்தின் கனம் தெரிந்தது. "கனடாவிலோ வேறு நாட்டிலோ உங்களுக்கு விசா மறுக்கப்பட்டதா" என்ற கேள்விக்குக் கடையில் "இல்லை" என்று போட்டிருந்தார்கள். அக்காவிடம் கேட்டேன். பழைய றிஜெக்ட்டைக் காட்டினால் இந்தத் தடவையும் றிஜெக்ட் ஆகும், அதனால் பழைய நம்பரும் வேண்டாம், பழைய கதையும் வேண்டாம் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். பிறகு முதற் கட்டம் வெறுமையாக இருப்பது வடிவாக இல்லை என்று மகனின் நம்பரை அங்கே போட்டிருக்கிறார்கள்.

இந்த ஆலோசனை ஊரில் நிறையப் பேருக்குச் சொல்லப்படுகிறது. கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும். மறுப்பு என்பது குற்றம் இல்லை. 2019 மறுப்புக்குக் காரணம், தங்கும் காலம் முடிந்ததும் அவர் திரும்பிப் போவார் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை என்பதுதான். விசிற்றர் விசா மறுப்புகளில் மிகச் சாதாரணமாகக் காணும் காரணம் அது, குடிவரவு ஒழுங்குவிதிகளின் 179ஆம் பிரிவில் வருவது. நிலைமை மாறினால் அடுத்த தடவை கிடைக்கலாம். ஆனால் மறுப்பை மறைத்தால் அது பொய்த் தகவல். கனடாக் குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி பொய்த் தகவல் கொடுத்தவர் 5 வருடத்துக்குக் கனடாவுக்குள் நுழைய முடியாது. முன்பு 2 வருடமாக இருந்ததை 2014இல் 5 ஆக்கினார்கள். படிவத்தை நிரப்பியது கடை என்றாலும் கையெழுத்து அக்காவினுடையது.

மறைக்கவும் முடியாது. கைரேகை அவர்களிடம் இருக்கிறது. இலங்கையர்களிடம் விசிற்றர், மாணவர், வேலை விண்ணப்பங்களுக்குக் கைரேகை எடுக்கத் தொடங்கியது 2013 டிசம்பரில். யூசிஐ கட்டத்தை வெறுமையாக விட்டாலும், பெயரின் எழுத்துக்கூட்டை மாற்றினாலும், விரல் ஒன்றுதான்.

மகனின் நம்பரை அம்மாவின் கட்டத்தில் போட்டது வேறு விதமான சிக்கல். நம்பர் ஒரு ஆளைச் சொல்லும், பெயரும் பிறந்த திகதியும் இன்னொரு ஆளைச் சொல்லும். நல்ல அதிகாரி கையில் போனால் திருத்திக்கொண்டு போவார். ஆனால் வயதான ஒருவருடைய பயணத்தை அந்த நம்பிக்கையில் விடுவது சரியில்லை. அதுவும் "மறுக்கப்படவில்லை" என்ற பொய்ப் பதிலோடு சேர்த்துப் பார்த்தால், பழைய கோவையை ஒளிக்கத்தான் வேறு நம்பர் போட்டார் என்று யாரும் நினைக்கலாம்.

மடிப்பில் போன இலக்கம்

பயோமெற்றிக் கடிதத்தை மேசையில் விரித்தோம். ஐந்து வருடமாகக் கடவுச்சீட்டின் உறைக்குள் மடித்தபடியே இருந்த தாள். மேலே வலப்பக்கம் இரண்டு வரி, ஒன்று யூசிஐ, மற்றது விண்ணப்ப நம்பர். குறுக்கு மடிப்பு சரியாக யூசிஐ வரிக்கு மேலால் போயிருந்தது. லேசர் அச்சு மை மடிப்பில் உதிரும், அங்கும் உதிர்ந்திருந்தது. ஒன்பது இலக்கம் தெளிவாக இருந்தது. ஏழாவது இலக்கத்தில் மட்டும் வலப்பக்க வளைவுகள் இரண்டும் இருந்தன, இடப்பக்கம் வெள்ளை. மூன்றாகவும் இருக்கலாம், இடப்பக்கம் உதிர்ந்த எட்டாகவும் இருக்கலாம். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம், போனில் படமெடுத்துப் பெருப்பித்தும் பார்த்தோம். எட்டு மாதிரித்தான் எனக்குத் தெரிந்தது. மாதிரி என்பதை நம்பிப் படிவத்தில் எழுத முடியாது. ஒரு இலக்கம் மாறினால் அந்த நம்பர் உலகத்தில் எங்கோ இருக்கிற இன்னொரு ஆளுடையதாக இருக்கலாம்.

இரண்டாவது தாள் ஒன்று வேண்டும். மறுப்புக் கடிதம் வீட்டில் இல்லை, அக்கா கோபத்தில் கிழித்துப் போட்டுவிட்டார். 2019இல் இணையக் கணக்கைத் திறந்தது ஒரு கடைக்காரரின் மின்னஞ்சலில், அந்தக் கடை இப்போது இல்லை. வாடிக்கையாளரின் கணக்கைத் தன் மின்னஞ்சலில் திறக்கும் பழக்கம் கடைகளில் இன்னும் இருக்கிறது. விண்ணப்பிப்பவர் ஒரு சொல் சொல்லி அதை மறுக்க வேண்டும். தன் மின்னஞ்சல், தன் கடவுச்சொல், இல்லாவிட்டால் பிள்ளையுடையது.

மகனுக்கு வாட்ஸ்அப்பில் பேசினோம். "அந்த நேரம் கடைக்கார அண்ணை எனக்கும் படம் அனுப்பினவர், தேடிப் பாக்கிறன்" என்றார். பழைய உரையாடலின் படங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போய் 2019இன் படத்தை எடுத்துவிட்டார். மறுப்புக் கடிதத்தின் முதற் பக்கம், கொஞ்சம் சரிந்த கோணத்தில் எடுத்தது. அக்காவின் பெயர், அதன் பக்கத்தில் யூசிஐ, கீழே வியில் தொடங்கும் விண்ணப்ப நம்பர். ஏழாவது இலக்கம் எட்டு. மற்ற ஒன்பதும் பயோமெற்றிக் கடிதத்தோடு பொருந்தின, விண்ணப்ப நம்பரும் பொருந்தியது. அதற்குப் பிறகுதான் பேனையை எடுத்தோம்.

தாள் எதுவும் கிடைக்காமல் இருந்திருந்தால்

அப்படி வருகிறவர்களும் இருக்கிறார்கள். போரில் இடம்பெயர்ந்தபோது தாள்களை விட்டுவிட்டு வந்தவர்கள், கனடாவில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து பெட்டியைத் தொலைத்தவர்கள்.

ஊரில் அதிகம் பேசப்படாத ஒரு வழி, தன்னைப் பற்றிய பதிவைத் தானே கேட்டு எடுப்பது. கனடாவின் தனியுரிமைச் சட்டப்படி, குடிவரவுத் திணைக்களத்திடம் தன் கோவையைக் கேட்கும் உரிமை 2022 ஜூலைக்குப் பிறகு கனடாவுக்கு வெளியே இருக்கும் வெளிநாட்டவருக்கும் உண்டு. கட்டணம் இல்லை. நேரம் எடுக்கும், ஆனால் நம்பர் மட்டுமல்ல, அதிகாரி எழுதிய குறிப்புகளும் வரும். மறுப்பு வாங்கியவர்களுக்கு அந்தக் குறிப்புகள் மறுப்புக் கடிதத்தைவிடப் பெறுமதியானவை என்பது என் அபிப்பிராயம்.

அவசரம் என்றால் கட்டத்தை வெறுமையாக விட்டு, விளக்கக் கடிதத்தில் உண்மையைச் சொல்லலாம்: இந்த ஆண்டில், இந்தக் கடவுச்சீட்டில், இந்தப் பெயர் எழுத்துக்கூட்டில் விண்ணப்பித்தேன், நம்பர் கைவசம் இல்லை. ஊகித்து ஒரு நம்பர் போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

2002 ஜூன் 28க்கு முன் கனடாவில் தரையிறங்கி பி.ஆர் பெற்றவர்களிடம் ஐ.எம்.எம் 1000 என்ற தாள் இருக்கும். நீளமான தாள், எங்கள் ஆட்கள் "லாண்டட் பேப்பர்" என்று சொல்வது. அதிலும் இந்த நம்பர் இருக்கிறது. டபிள்யூவில் தொடங்கும் நம்பர் ஒன்றும் அதே தாளில் இருப்பதால் கண் அதற்குத்தான் முதலில் போகும். அது தாளின் நம்பர், எழுத்து இருந்தால் யூசிஐ இல்லை. 2002க்குப் பிறகு போனவர்களுக்கு நிரந்தர வதிவிட உறுதிப்பத்திரமும் பி.ஆர் அட்டையும் இருக்கும்.

அமெரிக்காவுக்கு வேறு முறை. அங்கே ஆளுக்குரிய நம்பர் ஏ என்ற எழுத்தோடு வரும், கிறீன் கார்ட்டில் யூஎஸ்சிஐஎஸ் நம்பர் என்று இருக்கும் 9 இலக்கம் அதுதான். மூன்று எழுத்தில் தொடங்கி மொத்தம் 13 எழுத்தும் இலக்கமுமாக வருவது விண்ணப்பத்தின் ரசீது நம்பர். கனடாவில் எழுத்து இல்லாதது ஆளுடையது, அமெரிக்காவில் ஏ போட்டது ஆளுடையது. இரண்டு நாட்டிலும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைத் தனித்தனி உறையில் வைக்கச் சொல்லுவேன்.

திருத்தியது

படிவத்தைப் புதிதாக நிரப்பினோம். முதற் கட்டத்தில் அக்காவின் யூசிஐ. மறுப்புக் கேள்விக்கு "ஆம்", அதன் கீழ் ஆண்டு, விசா வகை, பழைய விண்ணப்ப நம்பர். கூடவே அரைப் பக்கத்துக்கு ஒரு விளக்கக் கடிதம்: 2019இல் என்ன காரணத்துக்கு மறுத்தார்கள், இப்போது என்ன மாறியிருக்கிறது. வீடும் வளவும் அவர் பெயரில் இருக்கின்றன, கணவரின் ஓய்வூதியத்தில் விதவைகள் பங்கு இங்கே வருகிறது, வயதான தாயார் இணுவிலில் சகோதரி வீட்டில் இருக்கிறார். இவை 2019இலும் உண்மைதான். அப்போது யாரும் எழுதவில்லை.

இலங்கைத் தேசிய அடையாள அட்டைக் கட்டத்திலும் ஒரு திருத்தம். அக்காவிடம் பழைய அட்டை, 9 இலக்கமும் வி எழுத்தும். கடையில் வியை விட்டுவிட்டு 9 இலக்கம் மட்டும் போட்டிருந்தார்கள். அட்டையில் உள்ளபடி எழுத்தோடு எழுதினோம். புதிய 12 இலக்க அட்டை எடுத்தவர்களுக்கு ஒரு உதவி: பழைய நம்பரின் முதல் இரண்டு இலக்கத்துக்கு முன் 19 சேர்த்து, ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு சைபர் வைத்து, எழுத்தை எடுத்துவிட்டால் புதிய நம்பர் வரும். முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருப்பார்கள். கடவுச்சீட்டில் பழைய வடிவமும் அட்டையில் புதிய வடிவமும் இருந்தால் அது இரண்டு ஆள் இல்லை என்று காட்ட இது போதும்.

கைரேகை விஷயத்தில்தான் சரியான நம்பரின் பலன் உடனே கையில் கிடைத்தது. கொடுத்த கைரேகை 10 வருடம் செல்லும். 2019இல் கொடுத்தது 2029 வரை. மறுபடி 85 டொலர் கட்டவும் வேண்டாம், இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகவும் வேண்டாம். முழங்கால் வருத்தத்தோடு இருக்கிற ஒருவருக்கு இரண்டாவதுதான் பெரிய விஷயம். கடையில் நிரப்பிய படிவம் அப்படியே போயிருந்தால், மகனின் நம்பரின் கீழ் அம்மாவின் கைரேகை எப்படி இருக்கும்?

மகன் தன் மின்னஞ்சலில் அம்மாவுக்குப் புதிய கணக்குத் திறந்து ஸ்காபரோவிலிருந்தே அனுப்பினார். பிரதிநிதியாகச் செயல்படுவதற்கான ஐ.எம்.எம் 5476 படிவமும் அம்மாவின் கையெழுத்தோடு போனது. கையெழுத்துப் போட முன் ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்லி, பதிலையும் சொல்லி, "சரிதானே அக்கா" என்று கேட்டுக்கேட்டுத்தான் போனோம். மறுப்புக் கேள்வியில் கொஞ்சம் தயங்கினார். பிறகு, "உண்மையைத்தானே எழுதிறம்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

சில கிழமைகளில் கடவுச்சீட்டை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. யூசிஐ 2019இல் இருந்த அதே நம்பர், விண்ணப்ப நம்பர் மட்டும் புதியது. கடவுச்சீட்டை அனுப்ப முதல் அந்தக் கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை மடிக்காமல் கோவையில் வைத்தோம், மற்றதை இணுவிலில் இருக்கும் சகோதரியிடம் கொடுத்தோம். விசா ஒட்டிக் கடவுச்சீட்டு திரும்பி வந்தது. அக்கா மாசியில் போனார்.